விட்பியில் பப் மாடி அறை: 340 பவுண்டு போச்சு

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லீட்ஸிலிருந்து, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான விட்பிக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்று, அறை பதிவு செய்யும் பெரிய தளம் ஒன்றில் தேடினேன். துறைமுகத்தை ஒட்டிய பழைய பப், மேலே அறை, ஜன்னலுக்குக் கீழே மீன்பிடிப் படகுகள். இரண்டு இரவுக்கு 340 பவுண்டு.

நான் விழுந்தது படத்தில் இல்லை, கூடவே எழுதியிருந்த கதையில். 1861 பிப்ரவரிப் புயலில் விட்பியின் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்களாம். தக்கையால் ஆன மிதவை அங்கி போட்டிருந்த ஹென்றி ஃப்ரீமன் மட்டும் பிழைத்தாராம். அவர் படம் பப் சுவரில் தொங்குகிறதாம். "இவ்வளவு தெரிஞ்சவன் உள்ளூர்க்காரனாத்தான் இருப்பான்" என்று மனைவியிடம் சொன்னது நான்தான். கூகுளில் தட்டினால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற கதை!

அன்று மாலையே அந்தத் தளத்தின் மெசேஜிலேயே வந்தது: கார்டு சரிபார்ப்பு தவறிவிட்டது, 12 மணி நேரத்துக்குள் இந்தக் கணக்குக்கு அனுப்பினால்தான் அறை நிற்கும். அனுப்பினேன். முழுசாக 340 பவுண்டு.

சனிக்கிழமை, நண்டுக் கூண்டுகள் அடுக்கிக் கிடந்த கரையோரமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் நின்றோம். பீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாடியா? அங்கே நாங்கதான் குடியிருக்கோம், கண்ணு. இந்த மாசம் நீங்க மூணாவது குடும்பம்." பாவம், அவர் மேல் தப்பே இல்லை, டீ கூடக் கொடுத்தார். ஃப்ரீமன் சுவரில் இருந்தார். விளம்பரத்தில் அது ஒன்றுதான் உண்மை.

தளத்தில் முதலில் ரோபோ பேசியது. அப்புறம் ஒரு மனிதர்: "பணம் எங்கள் தளத்துக்கு வெளியே போயிருக்கிறது." மெசேஜ் உள்ளேதானே வந்தது? "உங்கள் கருத்துக்கு நன்றி." சாட் மூடிவிட்டது.

வங்கி இன்னும் மோசம். இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறதே என்றேன். அது பிரிட்டனுக்குள் இருக்கிற கணக்குக்கு மட்டுமாம். நான் அனுப்பியது வெளிநாட்டுக் கணக்குக்கு. அவசரத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பப்புக்கே நேரடியாகப் போன் போட்டுக் கேளுங்கள். மணிக்கணக்கு சொல்லி அவசரப்படுத்தினால் ஒரு பென்னி அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே, பிரிட்டனில் இருந்தால் 159-க்கு அடியுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு இணைப்பு கிடைக்கும்.

நான் இப்போதும் லைனில்தான் இருக்கிறேன். 40 நிமிடமாக அதே பியானோ.