கனமான ஆளுக்கு எந்தச் சக்கரம்: 24 கம்பியா, 36 கம்பியா?

என் எடை 112 கிலோ. சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்தால் 125ஐத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் தலையில்தான் விழும். இது தெரியாமல், பின்சக்கரத்தில் 24 ஆரக்கம்பி (ஸ்போக்) மட்டும் உள்ள அழகான ரோடு பைக் ஒன்றை வாங்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்த கடைக்காரரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பினாங்கில் பாலிக் பூலாவ் தாண்டி தித்தி கெராவாங் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம். கம்பி ஒன்று ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) ஒட்டிய வளைவில் அறுந்துவிட்டது. ரிம் கோணிக்கொண்டு ஃபிரேமில் உரச, சக்கரம் சுற்றவே இல்லை. டுரியான் கடை ஓரமாக உட்கார்ந்து நண்பனின் வண்டிக்குக் காத்திருந்தேன்.

பாரம் தாங்காமல் கம்பி அறுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. எல்லாக் கம்பிகளும் இழுத்து முறுக்கியிருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. தரைப்பக்கம் வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். 70 கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பிக்கும் இது ஏறக்குறைய 33 ஆயிரம் தடவை நடக்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதை. ஆள் கனமானால் தளர்ச்சி கூடும். கம்பி குறைந்தால் ஒவ்வொன்றின் பங்கும் கூடும். கம்பி முதலிலேயே லூசாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

24 கம்பிச் சக்கரத்தை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. காற்றை நன்றாகக் கிழிக்கும்; 65 கிலோ ஆளுக்கு வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பி தூரத்தில் இருப்பதால் ரிம் ஒரேயடியாகக் கோணிவிடும். அதற்கான கம்பியும் பல நேரம் அந்தத் தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும், முனையில் வளைவில்லாத நேர்க்கம்பி. 36 கம்பியில் ஒன்று போனால் பிரேக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். சாதாரண வளைவுக் கம்பி என்பதால் பழைய சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பன்னிரண்டு கம்பிகளால் கூடும் எடை 100 கிராம்கூட வராது. காலையில் நான் குடிக்கும் தே தாரிக் அதைவிடக் கனம்.

நடுவில் 32 இருக்கிறதே என்பீர்கள். 90 கிலோவரை தாராளமாகப் போதும் என்பது என் கணக்கு. முன்சக்கரத்துக்கு நானே 32தான் வைத்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் இல்லாத முன்சக்கரத்தில் இரு பக்கக் கம்பிகளும் ஒரே அளவில் இறுகியிருக்கும். பின்பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விட ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி நிற்பதால், செயின் பக்கம் விறைப்பாக, இடப்பக்கம் ஏறக்குறைய பாதி இறுக்கத்தில்தான் இருக்கும். வம்பெல்லாம் அங்கேதான்.

கார்பன் ரிம்? எடை வரம்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்த வரம்பு பெரும்பாலும் சைக்கிளையும் சேர்த்துத்தான்.

கம்பியின் தடிமனில் நானும் ஏமாந்தேன். முழுக்க 2 மில்லிமீட்டர் கம்பிதான் உறுதி என்று வாதாடினேன். சக்கரம் கட்டும் அண்ணன் சிரித்தார். "தம்பி, நடுவில் 1.8க்கு மெலிந்த கம்பியைப் போடு. அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், வளைவில் அடி விழாது." சரி என்று அதையே போட்டேன். கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்னத் திருகான நிப்பிள் பித்தளை. பினாங்குக் கடற்காற்றுக்கு அலுமினிய நிப்பிள் அரித்து, ஒருநாள் சாவியில் திருகும்போதே உதிரும்.

ஷிமானோ 105 ஹப்பில் 36 கம்பி கோத்து, அண்ணன் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்து உள்ளங்கையில் பிடித்து நசுக்கினார். திருகும்போது கம்பியில் ஏறியிருந்த முறுக்கு 'கிர்ர்' என்று விட்டது. மறுபடி கோட்டம் எடுத்தார், மறுபடி நசுக்கினார். இப்படி நான்கு முறை. கடைசியில் ஒரு பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதி. இயந்திரம் கட்டிய என் பழைய சக்கரத்தை மீட்டிப் பார்த்தோம், பழுதான வீணை. கம்பி எண்ணிக்கையைவிட இந்தச் சீரான இறுக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். மோசமாகக் கட்டிய 36ஐவிட நன்றாகக் கட்டிய 32 மேல்.

அப்புறம் டயர். 25 மில்லிமீட்டர் அகல டயரைக் கழற்றி 28 போட்டேன். என் ஃபிரேமில் அதற்கு மேல் நுழையாது. உங்கள் சைக்கிளில் 32 மில்லிமீட்டர் டயர் நுழையுமானால் யோசிக்காமல் போடுங்கள், குழியில் விழும் அடியை நிறையவே அது வாங்கிக்கொள்ளும்.

300 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருந்தார் அண்ணன். கொண்டுபோனேன். இடப்பக்கம் இரண்டு நிப்பிளைக் கால் சுற்று திருகினார், காசு வாங்கவில்லை. அதன்பிறகு ஒன்றரை வருடமாக அந்த டுரியான் கடையில் நான் டுரியான் சாப்பிட மட்டும்தான் நிற்கிறேன்.