சனி ஞாயிறு கேமுக்கு எது: லவ், யூனிட்டி, கோடோ?

வேலைக்குப் போய்க்கொண்டே தனியாளாக ஒரு 2டி கேம் செய்ய நினைப்பவர் முதலில் கேட்பது, "எந்த மொழி படிக்கலாம்?" லவ், யூனிட்டி, கோடோ மூன்றும் கேம் எஞ்சின்கள், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள்கள். அவற்றில் முறையே எழுதப் பயன்படும் லுவா, சி ஷார்ப், ஜிடிஸ்கிரிப்ட் மூன்றுமே பழகிவிடக்கூடியவை. நேரத்தை விழுங்குவது மெனு, லெவல் அமைப்பு, அனிமேஷன், பொருள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்ற கணக்கு போன்ற மீதி வேலைகள்தான். அவற்றில் எவ்வளவை எஞ்சின் தானே பார்த்துக்கொள்கிறது என்பதை வைத்தே நான் தேர்ந்தெடுப்பேன்.

லவ், அதாவது லவ்2டி, இதில் ஒரு எல்லை. லுவாவில் ஒரே கோப்பு, லோட், அப்டேட், டிரா என்று மூன்று ஃபங்ஷன்கள் போதும், படம் திரையில் நகரத் தொடங்கிவிடும். 2024இல் சக்கைப்போடு போட்ட பலாட்ரோ கேம் இதில் செய்ததுதான். ஆனால் காட்சிகளை மவுஸால் இழுத்து அமைக்கும் எடிட்டர் கிடையாது. ஒரு பட்டன் வேண்டுமென்றாலும் நீங்களே எழுத வேண்டும், அல்லது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை (லைப்ரரி) தேட வேண்டும். நிரல் எழுதுவதே சுகம் என்பவருக்கு இது சொர்க்கம். கேமை முடிக்க வேண்டும் என்பவருக்கு அவ்வளவாக இல்லை.

யூனிட்டி மறு எல்லை. பாடங்கள் ஏராளம், இதில் செய்த ஹாலோ நைட் போன்ற கேம்களும் உதாரணமாக உண்டு. கேம் நிறுவனத்தில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் இதையே எடுங்கள். 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வலுக்க, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். பொழுதுபோக்குக்காரரை அந்தக் கட்டணம் தொட்டிருக்காது என்றாலும், விதிகள் அவர்கள் கையில்தான் என்பது தெரிந்துபோனது. அப்புறம், சின்ன கேமுக்கே பல ஜிபி இடம் கேட்கும்.

என் ஓட்டு கோடோவுக்கு. யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம் என்பதால் ராயல்டி, கட்டணம் எதுவும் இல்லை. ஜிடிஸ்கிரிப்ட் பார்க்க பைத்தான் போலவே இருக்கும். கோடோவைத் தாண்டி வேறெங்கும் உதவாது என்ற குறை உண்மைதான். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு: கோடோ 4 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும். லவ்வின் 11ஆம் பதிப்பிலும், யூனிட்டியில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் "கெ" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழில் வசனம் வரும் கேம் என்றால் இந்த ஒன்றே போதும்.

சி ஷார்ப் தெரிந்தவர்கள் கோடோவிலும் அதையே எழுதலாம். ஆனால் கோடோ 4 வந்தபோது சி ஷார்ப் புராஜெக்ட்டுகளுக்கு வெப் எக்ஸ்போர்ட், அதாவது கேமைப் பிரவுசரில் ஓடும்படி வெளியிடும் வசதி, விடுபட்டுப்போனது. நண்பர்களுக்கு லிங்க் அனுப்பி பிரவுசரிலேயே ஆட வைக்க ஆசையென்றால் ஜிடிஸ்கிரிப்ட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.