பழைய கம்ப்ரசரைக் கொண்டுபோக விடாதீர்கள்

மதுரையில் சின்னதாக ஒரு ஜிகர்தண்டா கடை வைத்திருக்கிறேன். பாசுந்தி, ஐஸ்கிரீம் இரண்டையும் நாங்களே காய்ச்சி உறைய வைக்கிறோம். சித்திரைத் திருவிழா நாட்களில் நடக்கும் வியாபாரத்தை வைத்துத்தான் வருடத்தின் மந்தமான மாதங்களைச் சமாளிப்போம். இந்த முறை அழகர் ஆற்றில் இறங்க ஆறு நாட்கள் இருக்கும்போது எங்கள் 400 லிட்டர் டீப் பிரீசர் குளிர்வதை நிறுத்திவிட்டது. பிரீசரை நம்பி உணவு விற்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

குளிர்விக்கும் கேஸை உள்ளே சுற்ற வைக்கும் கம்ப்ரசர், சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'உம்' என்று முனகும். பிறகு 'டிக்' என்ற ஓசையோடு அடங்கிவிடும். வழக்கமாக வரும் மெக்கானிக் அண்ணன், தன் மகளின் பிரசவத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். கை கால் ஓடவில்லை. பிரீசர் கம்பெனியின் பெயரைப் போட்டு 'சர்வீஸ் சென்டர் மதுரை' என்று செல்பேசியில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கமே வைத்தார். வாரண்டி அட்டை கல்லாப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் கம்பெனிச் சின்னம் இருந்தது. மின்சாரத்தைச் சோதிக்கும் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. மூடியைக் கழற்றி, கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்து, "கம்ப்ரசர் போய்விட்டது சார். திருவிழா நேரம், இன்று சொல்லாவிட்டால் பத்து நாள் ஆகும்" என்றார். கம்ப்ரசருக்கு 9,500, கேஸுக்கு 2,800. பணத்தை ஒரு தனிநபர் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொன்னார்; அனுப்பினேன். ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. பழைய கம்ப்ரசரை "கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும்" என்று பைக்கில் கட்டி எடுத்துப் போனார்.

அன்று நடந்ததில் இப்போதும் என் வயிற்றைக் கலக்குவது வேறொன்று. எங்கள் பிரீசரில் இருப்பது ஆர்290 கேஸ், அதாவது புரோப்பேன். சமையல் எரிவாயுவில் இருக்கும் அதே புரோப்பேன்தான், தீப்பற்றும். பின்பக்கத் தகட்டிலேயே அந்தப் பெயரும், எத்தனை கிராம் நிரப்ப வேண்டும் என்பதும், தீ எச்சரிக்கைப் படமும் இருக்கின்றன. அந்த மனிதர் அதைக் குனிந்துகூடப் பார்க்காமல், எங்கள் பால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலேயே பைப்பை வெட்டி, கேஸ் வெல்டிங் வைத்தார். கடையில் அப்போது என் மனைவியும் வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஐந்து நாள் ஓடியது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, தெரு நிறையக் கூட்டம். மூடியைத் திறந்தால் ஐஸ்கிரீம் கரண்டியில் நிற்காமல் வழிகிறது. உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், பிளஸ் 7 காட்டியது. "பக்கத்துக் கடையில் வைத்து மறுபடி உறைய வைத்துவிடலாம் அண்ணே" என்றான் வேலை செய்யும் பையன். அவன் கெட்டவன் இல்லை, என் நஷ்டத்தைப் பார்த்துப் பதறிச் சொன்னான். உருகிய பால் பொருளை மறுபடி உறைய வைத்து ஒரு குழந்தையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாசுந்தியும் ஐஸ்கிரீமுமாக 45 லிட்டரைக் கொட்டினோம்.

அந்த எண்ணை மூன்று முறை அழைத்த பிறகு எடுத்தார்கள். "கேஸ் தீர்ந்திருக்கும், 3,000 ஆகும்" என்றார்கள். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் காற்றோடு போகும். அதற்குப் பிறகு அவர்கள் அழைப்பை எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய மெக்கானிக் அண்ணன் முதலில் பிரீசரைத் தெருவுக்கு இழுத்துப் போகச் சொன்னார். "உள்ளே என்ன கேஸ் இருக்கிறதோ தெரியாது, கடைக்குள் திறக்க மாட்டேன்" என்றார். கம்ப்ரசரை நகத்தால் சுரண்டினார். புதுக் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தது, லேபிளைத் தேய்த்து எடுத்திருந்தார்கள். வெல்டிங் வைத்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவியதும் குமிழி குமிழியாக வந்தது. பிறகு பிரீசரின் அடியில் கிடந்த ஒரு சின்னப் பொருளை எடுத்து என் காதருகே ஆட்டினார். உள்ளே ஏதோ உடைந்து கலகலத்தது. அது பழைய கம்ப்ரசரின் ஸ்டார்ட் ரிலே, அதாவது கம்ப்ரசரை ஓடத் தொடங்க வைக்கும் சின்ன மின் பாகம். "தம்பி, நீ சொல்லும் அந்த முனகலுக்கும் டிக் சத்தத்துக்கும் இதுவே போதும். சில நூறு ரூபாய்ச் சாமான். கம்ப்ரசர் நல்லபடியாக இருந்ததா என்று மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், ஆனால் அதுதான் இங்கே இல்லையே" என்றார்.

பழைய கம்ப்ரசரை அந்த ஆள் எடுத்துப் போனதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையில் கம்ப்ரசர் இருந்திருந்தால் சோதித்து நிரூபித்திருப்பேன். வாரண்டி அட்டையில் இருந்த எண்ணில் உண்மையான கம்பெனியை அழைத்தேன். என் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள். கம்ப்ரசருக்கு ஐந்து வருட வாரண்டி, எனக்கு இது மூன்றாவது வருடம். அது உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும் இலவசமாக மாற்றித் தந்திருப்பார்கள். வெளியாள் வெட்டித் திறந்துவிட்டதால் இனி அந்த வாரண்டியும் செல்லாது.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போன உடனே 1930-ஐ அழைத்திருக்க வேண்டும். எனக்கு விஷயம் தெரியவே ஒரு வாரம் ஆகிவிட்டது. உங்கள் பிரீசர் நின்றால் அட்டையில் அல்லது இயந்திரத்தின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். வருபவர் மீட்டர் வைக்காமல் கம்ப்ரசரைக் குறை சொன்னால் அனுப்பிவிடுங்கள். கேஸை எடை போட்டு நிரப்பும் தராசும், குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பும் அவர் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். கழற்றிய பாகம் எதுவானாலும் உங்கள் கடையிலேயே இருக்கட்டும்.

நேற்று இரவு அதே தேடலை மறுபடி செய்தேன். இம்முறை வேறொரு கம்பெனியின் பெயரைப் போட்டேன். முதலில் வந்தது அதே செல்பேசி எண்.