இன்ஸ்டாகிராமா, டெலிகிராமா, சொந்தத் தளமா: ஈரான் ஓவியரின் சாவி யாரிடம்?

தெஹ்ரானிலோ இஸ்ஃபஹானிலோ உட்கார்ந்து வரையும் ஒருவர் தன் படங்களை உலகத்தார் கண்ணில் படவைக்க நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு: இன்ஸ்டாகிராம் பக்கம், டெலிகிராம் சேனல், சொந்தமாக ஒரு சிறு இணையதளம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தத் தளம். மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டாம். அவை வாசலாக இருக்கட்டும், படைப்பு குடியிருக்கும் வீடாக வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் 2009-இல் தடைபட்டன. டெலிகிராம் 2018-இல், இன்ஸ்டாகிராம் 2022 செப்டம்பரில். 2024 டிசம்பரில் வாட்ஸாப்பைத் திறந்தவர்கள் இன்ஸ்டாகிராமைத் திறக்கவில்லை. ஆகவே எதைத் தேர்ந்தாலும் அங்கே 'ஃபில்தர்-ஷெகன்' என்று சொல்லப்படும், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் இல்லாமல் வேலை நடப்பது கடினம். அந்தச் செலவும் தொல்லையும் மூன்றுக்கும் ஏறக்குறையப் பொது.

இன்ஸ்டாகிராமின் பலம் அதன் வீச்சு. 2022 செப்டம்பர் இறுதியில் ஷெர்வின் ஹாஜிபூர் என்ற பாடகர் தன் பக்கத்தில் ஏற்றிய பாடலை இரண்டே நாளில் கோடிக்கணக்கான தடவை பார்த்தார்கள். அவரைக் கைது செய்தார்கள், பாடல் பக்கத்திலிருந்து மறைந்தது. அதற்குள் ஊரெல்லாம் பிரதி எடுத்துவிட்டதால்தான் அது பிழைத்தது, 2023 பிப்ரவரியில் கிராமி விருது வரை போனது. ஒரு கோட்டோவியத்துக்கோ புகைப்படத் தொடருக்கோ அப்படிப் பிரதி எடுக்கும் கூட்டம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

படத் தரம் அடுத்த குறை. இன்ஸ்டாகிராம் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மேலும் அழுத்திவிடும். பாரசீக நுண்ணோவியத்தில் 'பர்தாஸ்' என்று மயிரிழைத் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்து நிழல் தருவார்கள். அந்த அழுத்தத்தில் அத்தனை புள்ளியும் கரைந்து வெறும் சாம்பல் பூச்சாகிவிடும். முழுப்படத்தை முதலில் 1080-க்கு 1350 அளவில் வைத்து, பின்னால் மூன்று நான்கு நெருக்கப் பகுதிகளைத் தனித்தனியாக வெட்டிச் சேர்த்தால் பாதியாவது காப்பாற்றலாம். இன்னொன்று, காலையில் ஜெர்மனி வழியாகவும் மாலையில் சிங்கப்பூர் வழியாகவும் நுழைந்தால் கணக்கு சந்தேகத்துக்கு உள்ளாகிப் பூட்டப்படலாம். விபிஎன்னில் ஒரே நாட்டைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருப்பது நல்லது.

டெலிகிராமில் 2 ஜிபி வரை ஒரே கோப்பாக அனுப்பலாம். 'படம்' என்று அனுப்பினால் சுருங்கும், 'கோப்பு' என்று அனுப்பினால் மூலம் அப்படியே போகும். ஆனால் படமாக அனுப்பும்போது உதிர்ந்துவிடும் எக்ஸிஃப் விவரங்கள், அதாவது எடுத்த இடம், நேரம், கேமரா வரிசை எண் எல்லாம், கோப்பாக அனுப்பும்போது கூடவே போய்விடும். பலர் வழுக்கி விழும் இடம் இது. மற்றபடி உள்நாட்டு ரசிகர்களையும் புலம்பெயர்ந்த ஈரானியரையும் சேர டெலிகிராம் நல்ல வழி. பெர்லின், பாரிஸ் காட்சிக்கூடக்காரர்கள் ஓவியர்களைத் தேடி அங்கே வருவது அரிது.

இனி சொந்தத் தளம். தரவுத்தளம் எதுவும் வேண்டாம். வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளும் படங்களும் போதும். நிரல் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனத்தின் 'கிட்ஹப் பேஜஸ்' சேவை இதை இலவசமாக வைத்துத் தரும். தளம் மொத்தம் 1 ஜிபி-க்குள் இருக்க வேண்டும், ஒரு கோப்பு 100 எம்பி-யைத் தாண்டக் கூடாது. நீண்ட பக்கம் 2000 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று வைத்தால் பெரும்பாலான படங்கள் அரை எம்பி-யை ஒட்டி நிற்கும். நூற்றுக்கணக்கான படங்களுக்கு இடம் உண்டு. எழுத்துருவை வேறு தளத்திலிருந்து இழுக்க வேண்டாம். வஸீர்மத்ன் போன்ற திறந்த பாரசீக எழுத்துருவைத் தளத்தின் கோப்புறையிலேயே வைத்துவிடலாம். வெளியிலிருந்து இழுக்கும் ஏதாவது ஒன்று தடைபட்டாலும் பக்கம் பாதியில் தொங்கும்.

ஏற்றுமுன் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் படத்தை இணையத் திரைகளுக்கான பொது வண்ண முறையான எஸ்-ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு விவரங்களைத் துடைக்க வேண்டும். மாற்றாமல் துடைத்தால் வண்ண விவரக்குறிப்பும் சேர்ந்து அழியும், திரையில் சிவப்பும் லாபிஸ் நீலமும் மங்கித் தெரியும். துடைக்காமல் ஏற்றிவிட்டுப் பிறகு நீக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் கிட்ஹப்பின் அடியில் இயங்கும் கிட் என்ற மென்பொருள் தன் வரலாற்றில் பழைய கோப்பை வைத்திருக்கும். கிட்டின் ஒவ்வொரு பதிவிலும் மின்னஞ்சல் முகவரியும், உலகப் பொது நேரத்திலிருந்து ஈரானுக்குள்ள மூன்றரை மணி நேர வித்தியாசமும் பதியும் என்பதையும் மறக்கக் கூடாது. உண்மை மின்னஞ்சலை மறைக்கக் கிட்ஹப் தரும் மாற்று முகவரியைப் போட்டு, கணினியின் நேர மண்டலத்தை உலகப் பொது நேரத்துக்கு (யுடிசி) மாற்றிவிட்டுத் தொடங்கலாம்.

படக்குறிப்பில் ஆண்டைத் தெளிவாக எழுதுங்கள். ஈரானிய நாட்காட்டிப்படி 1403 என்று மட்டும் போட்டால் வெளிநாட்டவர் விழிப்பார். அந்த ஆண்டு 2024 மார்ச் 20-இல் தொடங்கி 2025 மார்ச் 20-இல் முடிந்தது. நவ்ரூஸ் என்னும் மார்ச் மாதப் புத்தாண்டிலிருந்து டிசம்பர் முடிய 621-ஐயும், ஜனவரி முதல் அடுத்த நவ்ரூஸ் வரை 622-ஐயும் கூட்டினால் சரியான ஆண்டு வரும். பெயரையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் வையுங்கள். ஹுசைன் என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், தேடுகிறவர் நாலையும் தேட மாட்டார்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், சாவிக்காக, அதாவது பக்கத்தைத் திறக்கவும் மாற்றவும் உள்ள அதிகாரம் யார் கையில் என்பதற்காக. என் தேர்வைத் தீர்மானித்தது இது ஒன்றுதான். இன்ஸ்டாகிராம் கணக்கும் டெலிகிராம் கணக்கும் வாழ்வது கைபேசியில். அந்தக் கைபேசியின் எண் தேசிய அடையாள எண்ணோடு கட்டப்பட்டது, குறுஞ்செய்தி உள்நாட்டு நிறுவனத்தின் வழியாக வருவது. 2016-இல் ஈரானிய டெலிகிராம் கணக்குகள் சில, குறுஞ்செய்திக் குறியீட்டை இடைமறித்தே கைப்பற்றப்பட்டன. ஆகவே டெலிகிராமில் இரண்டாம் கடவுச்சொல் போட வேண்டும். இன்ஸ்டாகிராமில் குறுஞ்செய்திக்குப் பதில் குறியீடு தரும் செயலியை வைத்து, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: ஈரான் கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்டதால் பழைய கைபேசிகள் 2023 மார்ச்சிலிருந்து ஒரு மணி நேரம் தவறாகக் காட்டின. நேர மண்டலத்தைத் திருத்தாமல் கடிகாரத்தைக் கையால் நகர்த்தியிருந்தால் அந்தச் செயலியின் குறியீடு ஒன்றுகூடப் பொருந்தாது.

இத்தனையும் செய்த பிறகும், விசாரணைக்கு அழைத்துக் கைபேசியைத் திறந்து கொடு என்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சொந்தத் தளம் இங்கேதான் வேறுபடுகிறது. கிட்ஹப்பில் ஓர் அமைப்புக் கணக்கு திறந்து, ஓவியரும் வெளிநாட்டில் இருக்கும் நம்பகமான ஒருவருமாக இரண்டு உரிமையாளர்களை வைக்கலாம். கைபேசியில் எந்த நுழைவும் வேண்டாம். 2019 நவம்பரில் ஒரு வார அளவுக்கும், 2025 ஜூன் மாதம் இஸ்ரேலுடன் நடந்த போரின்போது சில நாட்களும் நாடே இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. அப்போதும் இன்ஸ்டாகிராம் பக்கம் வெளியே தெரியும், உண்மைதான். ஆனால் கண்காட்சி அழைப்புக்குப் பதில் சொல்லவும் தவறான தகவலைத் திருத்தவும் ஆள் வேண்டும். இரண்டாம் சாவிக்காரர் அதைச் செய்வார்.

அவரோடு முன்கூட்டியே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'தளத்தை இறக்கு' என்று ஓவியரிடமிருந்து செய்தி வந்தால் கேள்வி கேட்காமல் இறக்கிவிட வேண்டும். இறக்கியதைப் பிறகு ஏற்றலாம், அந்த நேரத்தில் அது அவரைக் காப்பாற்றவும் கூடும். மாறாக, புதிதாக ஓர் அறிக்கையையோ மன்னிப்பையோ ஏற்றச் சொல்லி வந்தால், நேரில் அறிந்த வேறொருவர் வழியாக உறுதியாகும்வரை ஏற்றக் கூடாது. எந்தத் தளமும் ஆபத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. 2014-இல் ஃபேஸ்புக்கில் இட்ட கேலிச்சித்திரத்தை ஒட்டி அதேனா ஃபர்கதானிக்கு அடுத்த ஆண்டு 12 ஆண்டு 9 மாதச் சிறை விதித்தார்கள். 2016 மே மாதம்தான் வெளியே வந்தார். படைப்பு பிழைப்பது வேறு, படைப்பாளி பிழைப்பது வேறு.

கிட்ஹப்பும் அமெரிக்க நிறுவனம்தானே என்ற கேள்வி நியாயமானது. 2019 ஜூலையில் அது ஈரானியர் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது, 2021 ஜனவரியில் உரிமம் பெற்றுத் திறந்தது. 2022 மார்ச்சில் ஓப்பன்சீ என்ற இணையக் கலைச் சந்தை ஈரானியர் கணக்குகளை மூடியபோது, என்எஃப்டி என்னும் டிஜிட்டல் உரிமைச் சான்றோடு படைப்புகளை விற்ற கலைஞர்கள் விற்பனைப் பக்கத்தையே இழந்தார்கள். சொந்தத் தளமோ கணினியில் இருக்கும் ஒரு கோப்புறை, அதன் இணைய முகவரியோ தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்யும் ஒரு பெயர். வைப்பிடம் மூடினால் கோப்புறையை வேறிடத்தில் ஏற்றி முகவரியைத் திருப்பிவிடலாம், அரை நாள் வேலை.

அந்த முகவரிக்குத்தான் பராமரிப்பு தேவை. ஈரானிய வங்கி அட்டை வெளிநாட்டில் செல்லாது, நண்பர்தான் கட்ட வேண்டும். '.காம்' பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுக்கு ஒரே தடவையில் கட்டிவிடலாம். பதிவாளர் ஈரான் முகவரியை ஏற்கிறாரா என்று அவருடைய விதியைப் படித்த பிறகு கட்டுங்கள், கட்டிய பின் முடக்கினால் மீட்பது கடினம்.

விற்பனை என்று வந்தால் மூன்று வழிகளும் ஏறக்குறைய ஒன்றே: பேபால் இல்லை, விசா அட்டை இல்லை. அமெரிக்கத் தடை விதிகளில் கலைப்படைப்புகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அது ஏற்கெனவே முடிந்த படைப்புக்குத்தான். 'எனக்கொன்று வரைந்து தாருங்கள்' என்ற முன்பதிவு அதில் அடங்காது. தளத்தில் முடிந்த படங்களை மட்டும், அளவும் ஊடகமும் ஆண்டும் குறித்து வைப்பது இதனாலும் நல்லது.

இசைக்கு இதே தீர்ப்பை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தெஹ்ரானின் மின்னணு இசைக்காரர்கள் பலர் வெளிநாட்டு இசை வெளியீட்டகங்கள் வழியாகவே கேட்பவர்களைச் சேர்கிறார்கள். இசை விற்கும் பாண்ட்கேம்ப் தளம் பணத்தை பேபால் மூலம் தருவதால் அந்த இடையாள் தேவைப்படுகிறது. ஆண்கள் இருக்கும் அவையில் தனியாகப் பாடப் பெண்களுக்குத் தடை இருக்கும் நாட்டில், 2024 டிசம்பரில் பரஸ்தூ அஹ்மதி ஒரு பழைய சத்திர முற்றத்தில் பாடியதை உலகம் யூடியூபில்தான் பார்த்தது. அப்படி ஒரு இரவில் அத்தனை பேரைத் தாங்க மாதத்துக்கு 100 ஜிபி வரம்புள்ள சிறு தளத்தால் முடியாது. இசையும் காணொளியும் யூடியூபுக்குப் போகட்டும், மூலக்கோப்பும் வரிகளும் பங்கேற்றவர் பட்டியலும் தளத்தில் இருக்கட்டும்.