ஆங்கில விரிவுரையாளர்: இலக்கிய வகுப்பா, எழுத்து வகுப்பா?

பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளர் என்று சொன்னதும், ஷேக்ஸ்பியரைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் ஒருவர்தான் பலர் கண்ணுக்குத் தெரிகிறார். ஐந்து வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் அதே துறையில் இந்தப் பக்கம் தாவி, பொறியியல், உயிரியல், பொருளாதாரம் என்று மற்ற துறை மாணவர்களுக்குக் கட்டுரையும் ஆய்வறிக்கையும் எழுதச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன். இது ஏழாவது வருடம். ஆக, இதை நடுநிலையான ஒப்பீடு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

இரண்டுக்கும் பதவிப் பெயர் ஒன்றுதான், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. 1828இல் லண்டனில், இன்று யுனிவர்சிட்டி காலேஜ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் இங்கிலாந்தின் முதல் ஆங்கிலப் பேராசிரியரை நியமித்தபோது, அவர் மொழிக்கும் இலக்கியத்துக்கும் சேர்த்தே பேராசிரியர். பிரிந்ததெல்லாம் பிற்பாடு. ஹார்வர்டில் 1885இல் முதல் வருட மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கட்டாயமானது. கேம்பிரிட்ஜ் 1917இல் இலக்கியத்தை மையமாக வைத்துத் தன் ஆங்கிலப் பட்டப் படிப்பை அமைத்துக்கொண்டது. இன்றைக்கு வேலை விளம்பரத்தில் வெறுமனே ‘ஆங்கில விரிவுரையாளர்’ என்று இருந்தால், கீழே பாட விவரத்தைப் படிக்கிற வரை எது என்று சொல்ல முடியாது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரே படிநிலை என்றால் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இலக்கியத்தில் வகுப்பு நேரம் குறைவு, வீட்டில் படிக்க வேண்டியது மலையளவு. எழுத்து வகுப்பில் அது தலைகீழ். எனக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரமாக இருந்தது பதினான்கு ஆனது. முதல் தடவை எடுக்கும் இலக்கிய விரிவுரை ஒன்றுக்கு முழுசாக ஒரு நாள் தயாரிப்பு போய்விடும், ஆனால் அடுத்த வருடம் அதே குறிப்பைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். எழுத்து வகுப்பில் அந்த வசதி பாதிதான், ஏனென்றால் பாடமே மாணவர் எழுதிக் கொண்டுவருவதுதானே.

இலக்கியப் பக்கத்தின் சுகத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1920களில் கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களின் கருத்தை எழுதி வாங்கினார். அதே வித்தையை நானும் செய்வேன். யார் எழுதியது, எந்தக் காலம் என்று தெரியாதபோது, பெயரைப் பார்த்துத் தலையாட்டும் பழக்கம் போய், கூச்சத்தோடு ஒரு கை எழும்பி, “இந்தக் கடைசி வரி பொய்யாக இருக்கிறது” என்று சொல்லும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த வேலையில் இருக்கலாம். எழுத்து வகுப்பில் அப்படி ஒரு நிமிடம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

சரி, அப்படியென்றால் ஏன் மாறினேன்? ஒரே காரணம், தாள் திருத்துவது. நேர்முகத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, சேர்ந்த பிறகு வேலையில் பாதி அதுதான்.

கணக்கைப் பாருங்கள். இலக்கியத்தில் ஒரு செமஸ்டருக்கு எனக்கு 90 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு கட்டுரை. ஒன்றுக்கு 25 நிமிடம் என்று வைத்தால் 180 கட்டுரைக்கு 75 மணி நேரம். இப்போது 18 பேர் கொண்ட நான்கு குழுக்கள், ஆளுக்கு ஆறு வரைவு, மொத்தம் 432; ஒன்றுக்கு 12 நிமிடம் போட்டாலும் 86 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இப்படிப் பார்த்தால் நான் ஏமாந்துவிட்டேன். ஆனால் அந்த 75 மணி நேரம் இரண்டு மூட்டையாக வந்து விழும், செமஸ்டர் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. நாற்பதாவது கட்டுரைக்கு வரும்போது கண் வரியில் ஓடும், மனம் எங்கோ இருக்கும். நேற்று 62 போட்ட தரத்துக்கு இன்று 55 போட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தில் பழைய கட்டுரைகளைத் திரும்பப் புரட்டியே ஒரு இரவு போகும். இந்த 86 மணி நேரம் பதினான்கு வாரத்தில் பரவி, வாரம் ஆறு மணி நேரம் என்று ஆகிவிடுகிறது. அதைத் தாங்கலாம்.

நேரத்தைக்கூட விடுங்கள். செமஸ்டர் முடிவில் வரும் இலக்கியக் கட்டுரையின் ஓரத்தில் நான் எழுதுவதை யார் படிக்கிறார்கள்? மார்க் தெரிந்ததும் கதை முடிந்தது. ஒரு வருடம், திருத்திய கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று கணினியில் காட்டும் வசதி இருப்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர்கூடத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், பாடம் முடிந்துவிட்டது, இனி அந்தக் கட்டுரையை வைத்து என்ன செய்வது? பாத்திரம் உடைந்த பிறகு ‘பிடியை இன்னும் கெட்டியாக வைத்திருக்கலாம்’ என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எழுத்து வகுப்பில் நான் எழுதும் குறிப்பு, வேலை ஈரமாக இருக்கும்போதே போய்ச் சேருகிறது. ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை எப்படி நகர்கிறது என்பதற்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கிய மூன்று படி வரிசை ஒன்று உண்டு: களத்தைக் காட்டு, அதில் காலியாக இருக்கும் இடத்தைக் காட்டு, அந்த இடத்தில் நீ போய் நில். பொறியியல் மாணவி ஒருவர் இரண்டு பக்கம் முன்னோர் ஆய்வுகளை அடுக்கிவிட்டு நேராக ‘இந்த ஆய்வில் நாங்கள்’ என்று குதித்திருந்தார். “இதுவரை யாரும் செய்யாமல் விட்டது என்ன?” என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன். அடுத்த வரைவில் ஒரே ஒரு வாக்கியம் கூடியிருந்தது, அந்த இரண்டு பக்கமும் எதற்காக இருக்கிறது என்று முதல்முறையாகப் புரிந்தது.

இதையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் செமஸ்டரில் கண்ணில் பட்ட ‘எ’, ‘தி’ (a, the) பிழைகளையெல்லாம் வட்டம் போட்டு, ஒரு வரைவுக்கு அரை மணி நேரம் செலவழித்தேன். நான் திருத்தியதை அப்படியே பார்த்து எழுதி, அடுத்த கட்டுரையில் அதே பிழைகளோடு வந்தார்கள். இப்போது ஒரு வரைவில் இரண்டு வகைப் பிழையைத்தான் குறிப்பேன், மீதியைப் பார்த்தும் பாராமல் விடுவேன். கை துறுதுறுக்கும், விட்டுத்தான் ஆக வேண்டும்.

இயந்திரம் எழுதித் தரும் கட்டுரைகள் விஷயத்திலும் ஆறு வரைவு கொஞ்சம் உதவுகிறது, மூன்றாவது வரைவு எங்கிருந்து வந்தது என்று முதல் இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதுவே முழுத் தீர்வு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இனி என் பக்கத்தின் ஓட்டைகள். எழுத்துப் பயிற்சிப் பதவிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை, ஆய்வுக்கு நேரம் ஒதுக்காதவை. பதவி உயர்வு பெரும்பாலும் ஆய்வு வெளியீடுகளைப் பார்த்துத்தான், அதனால் பேராசிரியர் நாற்காலி இலக்கியப் பக்கத்தில்தான் அதிகம். மரியாதையும் அப்படியே, “இன்னும் கிராமர்தானா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கும் சக ஆசிரியருக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. பாதி எழுதிய ஆய்வு நூல் ஒன்று உங்கள் மேசையில் கிடந்தால், யோசிக்காமல் இலக்கியத்திலேயே இருங்கள்.

இன்னொன்று. இலக்கியத்தில் நான் முனைவர் பட்ட மாணவர் யாருக்கும் வழிகாட்டியாக இருந்ததில்லை. இருந்தவர்கள், அங்கே ஒவ்வொரு ஓரக்குறிப்பையும் மாணவர் வரிவரியாகப் படித்து மறுபடி எழுதிக் கொண்டுவருவார் என்கிறார்கள். அது உண்மையென்றால் என் வாதத்தில் பாதி, பட்டப் படிப்பு வகுப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

எந்தப் பக்கம் போனாலும், நேர்முகத்தில் சம்பளம் பற்றிப் பேசி முடித்ததும் கேளுங்கள்: ஒரு செமஸ்டருக்கு எத்தனை தாள், எந்த வாரத்தில் வரும், திருத்திய பிறகு மாணவர் அதை மறுபடி எழுத இடம் உண்டா? கடைசிக் கேள்விக்கு எதிரில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், செமஸ்டருக்கு இரண்டு மூட்டை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.