தள்ளிப்போட முடியாத பணம்: கையடக்கக் கன்சோலும் டிவி கன்சோலும்

2011இல் வீடியோ கேம் ஆடும் இரண்டு கையடக்கக் கன்சோல்கள் ஒரே விலையில் களமிறங்கின. நின்டெண்டோவின் 3டிஎஸ் மார்ச் மாதம் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா அந்த டிசம்பரில் ஜப்பானிலும் அடுத்த பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியானது. அதற்கும் அதே விலைதான். கருவியை மட்டும் எடை போட்டால் வீட்டா எவ்வளவோ மேலே நின்றது. ஐந்து அங்குல ஓஎல்இடி திரை, இரண்டு அனலாக் குச்சிகள், முதுகிலும் ஒரு தொடுதளம். கையில் எடுத்தவர்கள் எளிதில் கீழே வைக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் 3டிஎஸ் 7.59 கோடி விற்றது. வீட்டாவின் மொத்த விற்பனை எண்ணிக்கையைச் சோனி அறிவிக்கவே இல்லை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கன்சோல் விலை என்பது பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்பது புரிகிறது. வாங்குபவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக்கூடிய செலவு உண்டு. அன்றே கொடுத்தாக வேண்டிய செலவும் உண்டு. இரண்டாவது வகைதான் விற்பனையைக் கொல்கிறது. கையடக்கக் கருவியை அது சீக்கிரமே கொன்றுவிடும். டிவியில் இணைக்கும் கன்சோலுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். (கீழே வேறு குறிப்பு இல்லாத இடங்களிலெல்லாம் நான் சொல்வது அமெரிக்க விலை.)

249 டாலர், இரண்டு முடிவுகள்

3டிஎஸ் தொடக்கத்தில் தடுமாறியது. 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் விற்றவை 7.1 லட்சம் மட்டுமே. முந்தைய டிஎஸ் 149.99 டாலரில் தொடங்கிய குடும்பம். அதன் வாரிசுக்கு 100 டாலர் கூடுதலாகக் கேட்டதும் பெற்றோர் பின்வாங்கினார்கள். கண்ணாடி இல்லாமல் முப்பரிமாணம் தெரியும் திரை அந்த 100 டாலருக்கு ஈடு என்று நிறுவனம் நினைத்தது. வாங்குபவர்கள் அப்படி நினைக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் இந்தத் துறையின் துணிச்சலான விலைக்குறைப்பு என்று நான் கருதுகிறேன். ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் விலை 169.99 ஆனது. ஜப்பானில் 25,000 யென் 15,000 யென்னாகச் சரிந்தது. கருவி வெளிவந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் அங்கே நாற்பது சதவீதக் குறைப்பு! விற்கும் ஒவ்வொரு கருவியிலும் நட்டம் என்ற நிலையை நிறுவனம் அறிந்தே ஏற்றது. தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்னதாகவே வாங்கியவர்களை ஏமாளிகளாக்கிவிடக் கூடாது என்பதற்காக, அவர்களுக்குப் பழைய கேம்கள் இருபது இலவசமாகத் தரப்பட்டன: நின்டெண்டோவின் பழைய கருவிகளான என்இஎஸ்ஸுக்கு வந்த கேம்கள் பத்து, கேம் பாய் அட்வான்ஸ் கேம்கள் பத்து. விலைக்குறைப்பைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இருபது கேம்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முதலில் நம்பி வந்தவரைக் காயப்படுத்தினால் அடுத்த கருவிக்கு அவர் முதல் நாளில் வரமாட்டார். அந்த நம்பிக்கைக்கு நின்டெண்டோ மதிப்புக் கொடுத்தது.

விலை இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்டும் டிசம்பரில் மாரியோ கார்ட் 7உம் வந்த பிறகுதான் விற்பனை நிலைபெற்றது. குறைந்த விலை கதவைத் திறந்து வைத்தது. உள்ளே அழைத்தவை இந்த இரண்டு கேம்கள்.

வீட்டாவின் பக்கம் வருவோம். விரல்நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டுதான் இங்கே வில்லன். முதல் மாடலில் கேம்களைச் சேமிக்க உள்நினைவகம் இல்லை. கடையில் எங்கும் கிடைக்கும் சாதாரண எஸ்டி கார்டும் பொருந்தாது. வீட்டாவுக்கென்றே செய்த கார்டை வாங்க வேண்டும். 32 ஜிபி கார்டின் தொடக்க விலை 99.99 டாலர். 249 டாலர் கருவியோடு 100 டாலர் கார்டைச் சேர்த்தால் 350. இதற்கு மேல்தான் கேம். மிகச் சிறிய 4 ஜிபி கார்டோடு சமாளிக்கலாம்தான், ஆனால் கேமைப் பதிவிறக்கம் செய்ய நினைத்த மறுநாளே இடம் நிரம்பிவிடும். பெட்டியின் மேல் 3டிஎஸ்ஸுக்கு நிகரான விலையை எழுதிவிட்டு, மீதியைப் பக்கத்து அலமாரியில் வசூலித்தது போலத்தான் இது இருந்தது. 2013 ஆகஸ்டில் வீட்டா 199 டாலராக இறங்கியது, கார்டுகளின் விலையும் குறைந்தது. அதற்குள் கேம் தயாரிப்பாளர்கள் கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். ஜப்பானில் கையடக்கக் கருவிகளை விற்றுத்தந்த மான்ஸ்டர் ஹண்டர் தொடரே 3டிஎஸ் பக்கம் போய்விட்டது.

அதே 2013இன் அக்டோபரில் நின்டெண்டோ இன்னொரு அடி எடுத்து வைத்தது. முப்பரிமாணத் திரையும் மடக்கும் கீலும் இல்லாத 2டிஎஸ், 129.99 டாலருக்கு. போக்கிமான் எக்ஸ், ஒய் வெளியான அதே நாளில். யாரும் கேட்காத வசதியைக் கழற்றிவிட்டு, அதற்கான பணத்தைக் குழந்தைகளின் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்த வேலை இது. பார்க்க அழகில்லாத கருவிதான். எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இதற்கெல்லாம் முன்னோடிப் பாடம் 1989லேயே இருக்கிறது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் 89.99 டாலருக்கு டெட்ரிஸ் கேமையும் சேர்த்தே தந்தது. வண்ணத்திரை கொண்ட அடாரி லிங்க்ஸ் அதைப் போல இரு மடங்கு விலை. சேகாவின் கேம் கியர் பிறகு 149.99 டாலருக்கு வந்தது. விலை வேறுபாட்டைவிட பேட்டரிக் கணக்கு இன்னும் கொடுமையானது. கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போட்டால் சுமார் பதினைந்து மணி நேரம் ஓடும். கேம் கியருக்கு ஆறு பேட்டரி. மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே பதினைந்து மணி நேரம் ஆட ஒருவருக்கு நான்கு பேட்டரி, மற்றவருக்குக் குறைந்தது பதினெட்டு. வண்ணத்துக்கு ஆசைப்பட்ட பிள்ளையின் வீட்டில் வாரா வாரம் இந்தச் செலவு தொடர்ந்திருக்கும். கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11.87 கோடி விற்றன. கேம் கியர் ஏறக்குறைய ஒரு கோடியோடு நின்றது.

டிவி கன்சோலில் 100 டாலர் இடைவெளி

1995 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. சேகா மேடையேறி, தன் புதிய டிவி கன்சோலான சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்று அறிவித்தது. அதே நாளில் சோனியின் முறை வந்தது. அதன் அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து “299” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அரங்கம் ஆர்ப்பரித்தது. பிளேஸ்டேஷன் செப்டம்பரில் வெளிவந்து உலகெங்கும் 10.2 கோடியைத் தாண்டியது. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

சாட்டர்னின் 399 டாலரில் விர்சுவா ஃபைட்டர் கேமும் அடக்கம். ஆடிய இடத்தைச் சேமிக்க உள்நினைவகமும் இருந்தது. பிளேஸ்டேஷனில் கேமும் இல்லை, மெமரி கார்டும் இல்லை. இரண்டையும் தனியாக வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். அப்படியானால் 299 ஏன் ஜெயித்தது? பிளேஸ்டேஷனில் அந்த மீதிச் செலவு வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. எந்த கேம் வேண்டும் என்று அவரே முடிவு செய்யலாம், நண்பரிடம் இரவல் வாங்கலாம், கார்டை அடுத்த மாதம் வாங்கலாம். சாட்டர்னில் விர்சுவா ஃபைட்டர் பிடிக்காதவரும் அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும். வீட்டாவின் கார்டும் பிளேஸ்டேஷனின் கார்டும் தனியாக விற்கப்பட்டவைதான். ஆனால் விலையில் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். வாங்குவதைத் தள்ளிப்போட இருந்த வசதியும் அப்படியே.

இதே காட்சி 2013 ஜூன் 10 அன்று அச்சு அசலாகத் திரும்பி வந்தது. காலையில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 499 டாலர் என்றது. மாலையில் சோனி பிளேஸ்டேஷன் 4க்கு 399 என்றது. அந்த 100 டாலர், உடல் அசைவை அறியும், பெட்டியோடு கட்டாயமாக வந்த கினெக்ட் கேமராவின் விலை. ஓராண்டுக்குள் மைக்ரோசாஃப்ட் கினெக்டை நீக்கி 399 டாலருக்கு இறங்கி வந்தது. அதற்குள் போட்டியின் திசை முடிவாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 4 பிறகு 11.7 கோடியைக் கடந்தது.

பிளேஸ்டேஷன் 3இன் கதை வேறு. 2006 நவம்பரில் 499, 599 டாலர் என்று இரண்டு மாடல்கள். ஓராண்டு முன்பே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 299இல் தொடங்கியது. அதே மாதம் வந்த நின்டெண்டோவின் வீ 249 டாலர்தான், ஜப்பானுக்கு வெளியே வீ ஸ்போர்ட்ஸ் கேமும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இவ்வளவு விலை வைத்தும் சோனிக்கு நட்டம்: கருவியைப் பிரித்துக் கணக்கிட்ட ஐசப்ளை நிறுவனம் 599 டாலர் மாடலின் தயாரிப்புச் செலவை 840 டாலர் என்று மதிப்பிட்டது. ப்ளூ-ரே வட்டுகளைப் படிக்கும் டிரைவும் செல் என்ற மையச் சிப்பும் அந்தச் செலவைத் தூக்கி நிறுத்தின. ஆனால் சிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகின. பழைய பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஓட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். 2009 செப்டம்பரில் மெலிந்த மாடல் 299 டாலருக்கு வந்தது. கடைசியில் 8.7 கோடி. வீயின் 10.16 கோடியை எட்டவில்லைதான், ஆனால் மூழ்கியும் போகவில்லை.

ஒரு கையடக்கக் கருவிக்கு மூன்று ஆண்டுகள் தவறான விலையில் இருந்துவிட்டு மீண்டுவரும் பாக்கியம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. டிவி கன்சோல் ஒரு வீட்டுக்கு ஒன்று. பெரியவர்கள் யோசித்து, சேமித்து, தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குவது. கையடக்கம் ஆளுக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் விலை எப்போதும் இரண்டால் பெருக்கப்படுகிறது. 80 டாலர் வித்தியாசம் அங்கே 160 ஆகிவிடும்.

மலிவு காப்பாற்றாதவை

குறைந்த விலையே மருந்து என்று நம்புகிறவர்கள் சேகாவின் ட்ரீம்காஸ்டைப் பார்க்க வேண்டும். 1999இல் 199 டாலர். பிளேஸ்டேஷன் 2 ஓராண்டு கழித்து 299இல் வந்தது. அது டிவிடி படங்களையும் ஓட்டியது, தனி டிவிடி பிளேயரே கணிசமான விலைக்கு விற்ற நாளில். பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் அதில் ஓடின. ஏற்கெனவே அலமாரியில் கேம் வைத்திருப்பவருக்குப் புதிய கருவியில் முதல் நாள் ஆடக் கூடுதல் செலவே இல்லை. 2001 ஜனவரியில் சேகா ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

நின்டெண்டோவின் கேம்கியூப் 2003இல் 99 டாலருக்கே இறங்கியும் மொத்தம் 2.17 கோடிதான். வீக்குப் பின் வந்த வீ யூ 1.36 கோடி. இது புதிய கன்சோலா, பழைய வீயின் துணைக்கருவியா என்றே பலருக்குத் தெரியாத நிலையில் விலை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

எதிர்முனையில் 1993இன் 3டிஓ: 699 டாலர். அதே பெயர் கொண்ட நிறுவனம் வடிவமைப்பை மட்டும் உரிமம் கொடுத்து, தயாரிப்பைப் பானசோனிக் போன்றவர்களிடம் விட்டது. மற்ற கன்சோல் நிறுவனங்கள் கருவியில் விட்டதை கேம் உரிமத்தொகையில் பிடித்துவிடும். இங்கே கருவியைச் செய்தவருக்கு அந்த வருமானம் போதிய அளவில் இல்லை. கருவியிலேயே லாபம் எடுத்தாக வேண்டும். இத்தகைய அமைப்பில் 299 டாலர் விலை பிறக்கவே முடியாது.

இறங்கிய விலை ஏறும்போது

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2017இல் 299.99 டாலருக்கு வந்தது. கையிலும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம். இங்கே விலைப்போரின் இலக்கணமே மாறியது: கையடக்கக் கருவியாகப் பார்த்தால் கொஞ்சம் அதிகம், டிவி கன்சோலாகப் பார்த்தால் நியாயம். வாங்குபவர் தனக்குச் சாதகமான ஒப்பீட்டைத் தேர்ந்துகொண்டார். எட்டு ஆண்டுகள் அமெரிக்காவில் அந்த அடிப்படை விலை இறங்கவில்லை. 15 கோடிக்கு மேல் விற்றது. 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 முதல் நான்கு நாள்களில் 35 லட்சத்தைத் தாண்டியதற்கும், பழைய கேம்கள் பெரும்பாலும் அதிலும் ஓடும் என்பது முக்கியக் காரணம் என்பேன். கணினி கேம்களை ஓட்டும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் 2022இல் 399 டாலருக்கு எடுபட்டதும் இதே வழியில்தான்: கணினியில் வாங்கிச் சேர்த்த கேம்கள் கையில் தயாராக இருந்தன.

ஜப்பானில் ஸ்விட்ச் 2 வெளியானபோது அதற்கு இரண்டு விலை. ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல் 49,980 யென், பல மொழி மாடல் 69,980 யென். யென் மதிப்பு வீழ்ந்த நிலையில் உள்நாட்டுக் குழந்தைகளுக்கு எட்டும் விலையைக் காப்பாற்ற, மொழியையே வேலியாக்கினார்கள்.

மற்ற இடங்களில் அந்த வேலி இல்லை. 2020இல் 299 டாலரில் வந்து, இந்தத் தலைமுறையின் எளிய நுழைவாயிலாக இருந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், 2025 அக்டோபரில் 399.99 ஆனது. பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் கூடியது. காத்திருந்தால் விலை இறங்கும் என்று நம்பிய குடும்பங்களுக்குக் காத்திருந்ததே நட்டமாகிவிட்டது. கையடக்கத்தில் இது இன்னும் வலிக்கிறது. 2019இல் 199.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் லைட், 2025 ஆகஸ்டில் 229.99 ஆனது. 2டிஎஸ் நின்ற 129.99 டாலர் படியில் நின்டெண்டோ இன்று எந்தப் புதிய கருவியையும் வைத்திருக்கவில்லை.