உண்ணிக்கொக்கா, சின்ன வெண்கொக்கா?

கொழும்பிலிருந்து தலங்கம பக்கம் போனால் குளமும் வயலும் ஒட்டியே கிடக்கும். வெள்ளையாக நிற்பதெல்லாம் நமக்குக் கொக்குத்தான். ஆனால் உண்ணிக்கொக்கு வேறு, சின்ன வெண்கொக்கு வேறு.

முதலில் அலகைப் பாருங்கள். உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் நிறத்தில் கட்டை அலகு. மற்றதற்குக் கறுப்பு, ஈட்டி போல நீளம். சின்ன வெண்கொக்கின் காலும் கறுப்புத்தான், பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் அது தெரியாது. பறக்கும்போது பளிச்சென்று தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் செம்மஞ்சள் ஏறும். அப்போது குழப்பமே இல்லை.

என்னைக் கேட்டால் நிறத்தைவிட நடத்தைதான் நல்ல அடையாளம். மாட்டின் காலடியிலோ உழவு மெஷினுக்குப் பின்னாலோ கூட்டமாக ஓடி, கிளம்பும் வெட்டுக்கிளியைக் கொத்துவது உண்ணிக்கொக்கு. சின்ன வெண்கொக்கு தண்ணீர்ப் பக்கத்தை அவ்வளவாக விடாது. ஒரு காலால் சேற்றைக் கிளறி, பதுங்கிய மீன் அசைந்ததும் சட்டென்று குத்தும்.

சரி, மஞ்சள் அலகு, கறுப்புக் கால், கழுத்தும் நீளம் என்றால்? இரண்டுமில்லை. நடுத்தர வெண்கொக்கோ பெரிய வெண்கொக்கோ ஆக இருக்கும். அது தனிக் கதை.